மேலூர்ப் பக்கத்துக் குறிப்புகள்: அரிட்டாபட்டி

2024 நவம்பர் 16, சனி

டங்ஸ்டன் என்றால் குண்டு பல்புக்குள் இருக்கும் கம்பி என்பதோடு எங்கள் ஊர் நிறுத்திக்கொண்டிருந்தது. இந்த வாரம் டீக்கடையில் வேறு பேச்சே இல்லை. நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதியை, அதாவது சுரங்கம் தோண்டக் குறித்த நிலப்பகுதியை, ஒரு தனியார் நிறுவனம் ஏலம் எடுத்துவிட்டதாம். பரப்பு 2,015.51 ஹெக்டேர். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம், அ.வல்லாளபட்டி, கிடாரிப்பட்டி, நரசிங்கம்பட்டி என்று ஊர் ஊராகப் பெயர் அடிபடுகிறது.

"ஏப்பா, நம்ம கெணறும் அதுக்குள்ளதான் வருதா?" என்று சித்தப்பா கேட்டார். வாட்ஸ்அப்பில் வந்த வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கோடு மட்டும் தெளிவாக இருந்தது, கிணறு எங்கே என்று தெரியவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் இதே நவம்பரில்தான் அரிட்டாபட்டியைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. அந்த அறிவிப்புப் பலகைக்கு அடித்த பெயின்ட் இன்னும் மங்கவில்லை.

நவம்பர் 23, சனி

கிராம சபை. வழக்கமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கலைகிற கூட்டம் இன்று கலையவில்லை. சுரங்கம் வேண்டாம் என்று சுற்றுப்பட்டு ஊர்களில் எல்லாம் தீர்மானம். பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தீர்மானத்தை எழுதியதும் ஒருமுறை சத்தமாக வாசிக்கச் சொன்னார் ஓர் அம்மா. வாசித்து முடித்ததும், "ஊரணி, கண்மாய் பேரையும் சேர்த்து எழுதுங்க" என்றார். சேர்த்தார்கள்.

வெளியூர்ப் பத்திரிகைக்காரர்கள் "அப்பாவி மக்கள்" என்று எழுதுவதைப் படித்தால் எனக்கு எரிச்சல் வரும். கிரானைட் காலத்தில் கீழவளவுப் பக்கம் குன்றுகள் என்ன ஆயின என்பதை இவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். அரிட்டாபட்டி மலையிலும் குவாரி நுழையப் பார்த்தபோது மறித்து நின்றவர்கள். எந்த மனுவை யாரிடம் கொடுக்க வேண்டும், நகல் எங்கே வாங்க வேண்டும் எல்லாம் அத்துப்படி.

டிசம்பர் 1, ஞாயிறு

தம்பி மகனைக் கூட்டிக்கொண்டு கழிஞ்சமலை. ஊரில் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள். உண்மையில் சமண முனிவர்கள் தங்கிய குகை. மழைநீர் உள்ளே வழியாமல் இருக்க, பாறையின் நெற்றியில் நீளமாகக் காடி வெட்டியிருக்கிறார்கள். அங்கே தமிழி (தமிழ் பிராமி) எழுத்து. 2,200 வருடம் என்கிறார்கள். ஒரு கல்வெட்டில் நெல்வேலிக்காரர், இன்னொன்றில் இலஞ்சி வேள் மகன். இரண்டு பேருமே தெற்கே எங்கிருந்தோ வந்து இந்தக் குகையை அமைத்துக் கொடுத்தவர்கள்.

எனக்கு அதைவிடப் பிடித்தது, பக்கத்தில் தீர்த்தங்கரர் சிற்பத்தின் கீழே இருக்கும் வட்டெழுத்து. ஆயிரம் வருடத்துக்கு மேல் பழையது. அச்சணந்தி செய்வித்த திருமேனி என்று சொல்லிவிட்டுக் கடைசியில் "பாதிரிக்குடியார் ரக்ஷை" என்று முடிகிறது. செய்து வைத்தவர் துறவி, காக்க வேண்டிய பொறுப்பு ஊர்க்காரர்களுக்கு. அப்போதே எழுதி வைத்துவிட்டார்கள்.

பையன் கேட்டது ஒரே கேள்வி: "கல்லு மேல எப்படிப் பெரியப்பா தூங்குவாங்க?" படுத்துப் பார்க்கச் சொன்னேன். சில்லென்று இருந்ததாம், எழுந்திருக்க மாட்டேன் என்றான்.

ராஜாளி, ஷாஹீன் வல்லூறு, லகர் வல்லூறு உட்பட 250 பறவையினங்கள் இங்கே உண்டு என்கிறது அரசுக் குறிப்பு. நாங்கள் பார்த்தது மயிலும் செம்போத்தும். வெயில் ஏறிய பிறகு போனால் அப்படித்தான்.

டிசம்பர் 9, திங்கள்

சட்டமன்றத்தில் சுரங்கத்துக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேறியது. வேலை நேரத்தில் போனில் பார்த்தேன். சித்தப்பாவுக்குத் தகவல் சொன்னால், "டெல்லியில என்ன சொல்றாக?" என்கிறார்.

டிசம்பர் 25, புதன்

டெல்லியிலிருந்து பதில் வந்துவிட்டது. பல்லுயிர்த் தலத்தை மட்டும் ஒதுக்கிவிட்டுத் தொகுதியின் எல்லையை மறுபடி வரையலாமா என்று புவியியல் ஆய்வுத் துறை பார்க்குமாம். தலத்தின் பரப்பு 193.215 ஹெக்டேர்தான். அதைக் கழித்தாலும் 1,800 ஹெக்டேருக்கு மேல் மிச்சம்.

கேட்க நியாயமாகத்தான் தெரியும். மலையை விட்டுவிடுகிறார்களே, அப்புறம் என்ன என்று அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

அரிட்டாபட்டியில் ஏழு குன்றுகள், 72 நீர்நிலைகள், 200 சுனைகள் என்று கணக்கு. மொட்டைப் பாறையில் விழும் மழை அங்கேயே நிற்காது. சுனையில் கொஞ்சம் தங்கும், மீதி ஓடையில் இறங்கும், வரத்துக்கால் வழியாகக் கண்மாய்க்கு வரும். மேல் கண்மாய் நிறைந்து மறுகால் போனால்தான் கீழ்க் கண்மாய்க்குத் தண்ணீர். நடுவில் ஒரு வரத்துக்காலை வெட்டிவிட்டால் போதும், மலை பத்திரமாக இருக்கும், ஆனைகொண்டான் கண்மாய் மாதிரி பழைய கண்மாய்கள் காய்ந்து கிடக்கும். வல்லூறு கூடு கட்டுவது பாறையில் என்றாலும் இரை தேடுவது வயலிலும் மேய்ச்சல் காட்டிலும். தேவாங்குக்கு மரம் வேண்டும், எறும்புதின்னியான அலங்குக்குப் புற்று வேண்டும். இதில் எதைக் கோட்டுக்கு உள்ளே வைப்பது, எதை வெளியே தள்ளுவது?

ஊரில் இதை இவ்வளவு நீட்டிப் பேசவில்லை. "மொத்தமா ரத்து பண்ணணும்" என்று ஒரே வரி.

2025 ஜனவரி 7, செவ்வாய்

லீவு போட்டுவிட்டு நரசிங்கம்பட்டி போனேன். மேலூரில் கடைகள் அடைப்பு. அங்கிருந்து மதுரை தல்லாகுளம் தலைமை அஞ்சலகம் வரை பேரணி. நடந்தும் டிராக்டரிலும் டூவீலரிலுமாக நான்குவழிச் சாலை நிறைந்துவிட்டது. முன்னே பார்த்தாலும் பின்னே பார்த்தாலும் தலைகள்தான். அப்பத்தா வயதுள்ள பலர் செருப்பில்லாமல் வந்தார்கள். வழியில் தண்ணீர், மோர் கொடுத்தவர்கள் கட்சி கேட்கவில்லை, ஊர் கேட்டார்கள். எனக்குக் காலில் கொப்புளம்.

ஜனவரி 23, வியாழன்

ஏலம் ரத்து. மத்திய அரசே அறிவித்துவிட்டது. ராத்திரி வரை வெடிச்சத்தம்.

மார்ச் 16, ஞாயிறு

பக்கத்து ஊர்க் கண்மாயில் மீன்பிடித் திருவிழா. தண்ணீர் வற்றும்வரை ஒருவரும் தனியாக வலை வீசக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. விடியலிலேயே கரை முழுக்க ஊத்தாக் கூடையும் கச்சா வலையுமாக ஆட்கள். பெரியவர் மடைமேல் ஏறி நின்று வெள்ளைத் துண்டை வீசியதும்தான் எல்லோரும் இறங்கினார்கள். வெளியூர்க்காரர்களுக்கும் தடையில்லை. சித்தப்பாவுக்கு ஒரு விரால், எனக்குச் சேறு.

டிவி கேமரா எதுவும் வரவில்லை. ஆனால் ஜனவரியில் சாலையை நிறைத்த கூட்டம் எப்படி அவ்வளவு சீக்கிரம் திரண்டது என்று கேட்பவர்களுக்கு நான் இந்தத் துண்டைத்தான் காட்டுவேன். மடை திறக்கும் நாள், மீன்பிடி நாள், கோயில் வரி எல்லாம் உட்கார்ந்து பேசி முடிவெடுத்துப் பழகிய ஊர்கள் இவை.

மார்ச் 30, ஞாயிறு

நத்தம் பக்கம் காசம்பட்டி வீரகோயில் காட்டை இரண்டாவது பல்லுயிர்த் தலமாக அறிவித்திருக்கிறார்கள். 4.97 ஹெக்டேர்தான், சின்னக் காடு. சாமிக்குப் பயந்து யாரும் கிளை ஒடிக்காததால் மிஞ்சியது. ஒருநாள் போக வேண்டும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

பெயர் பரவியதால் அரிட்டாபட்டிக்கு ஞாயிறுதோறும் கூட்டம். குடைவரைக் கோயில் பக்கம் சிப்ஸ் பாக்கெட், தண்ணீர் பாட்டில். முற்காலப் பாண்டியர் வெட்டிய சிவன் கோயில் அது, சிவனின் ஒரு வடிவமான லகுலீசர் சிற்பம் இருக்கிறது. அந்தப் பாறையில் சுண்ணாம்பால் பெயர் எழுத வந்த இரண்டு பையன்களை ஆடு மேய்க்கும் அக்கா ஒருவர் விரட்டியடித்தார். டிக்கெட் போடலாம் என்று சிலர், உள்ளூர் இளைஞர்களை வழிகாட்டியாக வைக்கலாம் என்று சிலர். எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது. சம்பளம் எங்கிருந்து வரும் என்பதில் பேச்சு நிற்கிறது.

இதற்கு நடுவில் எங்கள் ஊர்க் கண்மாயில் சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்க ஜேசிபி பேசியிருக்கிறார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போடப் போகிறார்களாம். மதுரையில் இருக்கிறவர்களுக்கு இரட்டை வரி என்று சித்தப்பா இப்போதே சொல்லிவிட்டார்.