ரோஸ்டேலைச் சுற்றி ஒரு நாள்: பழைய ரயில் பாதையில் தனி நடை

ஆற்றோரப் பாதைகளில் தனியாக நடந்து பழகிய பிறகு, மேலே மூருக்குப் போக வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. இங்கிலாந்தின் நார்த் யார்க் மூர்ஸில் மரம், சுவர் என்று எதுவும் இல்லாத மேட்டுநிலம் அது. ஹெதர் புதர் மட்டும் கண்ணுக்கெட்டிய வரை. மூடுபனி இறங்கினால் எல்லாத் திசையும் ஒரே மாதிரி ஆகிவிடும். தனியாகப் போகிறவருக்கு அங்கே முதல் வழி எது என்று யோசித்து ரோஸ்டேல் பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுத்தேன். 1861-இல் இரும்புத்தாது ஏற்றிச் செல்லப் போட்ட ரயில் பாதையும், 1865-இல் அதிலிருந்து பிரிந்த கிளையும், பள்ளத்தாக்கின் இரு பக்கமும் மேல் விளிம்பை ஒட்டி லாடம் போல வளைந்து கிடக்கின்றன. தண்டவாளம் போய்விட்டது, பாதை இருக்கிறது.

ஆகஸ்ட் கடைசி, ஹெதர் பூக்கும் காலம். காலை ஒன்பது மணிக்கு ரோஸ்டேல் ஆபி கிராமத்திலிருந்து கிளம்பினேன். முதலிலேயே சிம்னி பேங்க் ஏற்றம். மூன்றடி நடந்தால் ஓரடி உயரும் சாலை; காரே முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறுகிறது. பெயர் தந்த சுரங்கப் புகைபோக்கியை 1972-இல் இடித்துவிட்டார்கள். தாது வறுத்த சூளைகள் மட்டும் உச்சியில் நிற்கின்றன.

அங்கிருந்து வடக்கே பாதை சமதளம். காலடியில் கறுப்புச் சாம்பல் கலந்த மண், மழை பெய்தாலும் சேறாவதில்லை. வலப்பக்கம் கீழே பச்சை வயல்களைக் கல்சுவர்கள் பிரிக்கின்றன. அதற்கு மேல் பெரணிச் சரிவு, அதற்கும் மேல் ஊதா நிற மூர். எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. மதியத்துக்கு மேல் நான் நடக்க வேண்டிய பாதை எதிர்ச் சரிவில் ஒரு கோடாகக் காலையிலிருந்தே தெரிகிறது. எவ்வளவு தூரம் மீதி, அந்தப் பக்கம் மேகம் எப்படி என்று கண்ணாலேயே கணக்குப் போடலாம். தனியாகப் போகிறவருக்கு இதைவிடத் தெம்பு தரும் விஷயம் இல்லை.

காலடியிலிருந்தே ஒரு குரௌஸ் பறவை படபடவென்று எழுந்து, தாழ்வாகப் பறந்து, குரைப்பது போலக் கத்திக்கொண்டே போனது. நெஞ்சு ஒரு நிமிடம் நின்றேவிட்டது. இந்தப் பறவைக்காகத்தான் குளிர்காலத்தில் ஹெதரைத் துண்டு துண்டாக எரிக்கிறார்கள். எரித்த இடத்தில் முளைக்கும் இளந்தளிர் அதன் உணவு, எரிக்காமல் விட்ட முதிர்ந்த புதர் அதன் மறைவிடம். மூர் ஒட்டுப்போட்டது போலத் தெரிவது அதனால்தான்.

பிளேக்கி முகட்டில், சுமார் 400 மீட்டர் உயரத்தில், லயன் இன் விடுதி இருக்கிறது. சூப்பும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டு, வழியில் தண்ணீர் நிரப்ப இடமில்லை என்பதால் பாட்டிலை அங்கேயே நிரப்பிக்கொண்டேன்.

அப்புறம் பள்ளத்தாக்கின் தலைப்பகுதி. நாளின் தனிமையான நேரம் இதுதான். வெகுநேரம் எதிரே ஓர் ஆளும் வரவில்லை. ஓடைகளைக் கடக்க ரயிலுக்காக அன்று போட்ட உயர்ந்த மண்கரைகள் மேல் பாதை போகிறது. மேகம் கொஞ்சம் இறங்கியதும் காம்பஸை எடுத்து, பாதை திரும்பும் திசையை வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பழகினேன். பாதை காலடியிலேயே இருப்பதால் விடை சரியா என்று உடனே தெரிந்துவிடும். பயிற்சிக்கு அருமையான இடம்.

கிழக்குப் பக்கச் சூளைகளிடம் வெகுநேரம் நின்றேன். மணற்கல் வளைவுகள் வரிசையாக நிற்கின்றன. உள்ளே குனிந்து பார்த்தால் வெப்பம் தாங்கும் செங்கற்கள், சில இடங்களில் உருகிக் கண்ணாடி போல வழவழப்பாக. தாதுவை இங்கே வறுத்து, ஈரத்தையும் கரியமில வாயுவையும் வெளியேற்றி, எடையைக் குறைத்த பிறகுதான் வண்டியில் ஏற்றினார்கள். 1851-இல் 558 பேர் இருந்த ரோஸ்டேலில் 1871-இல் 2,839 பேர். சுரங்கங்கள் 1926-இல் மூடப்பட்டன, ரயில் 1929-இல் நின்றது. பனிக்காலத்தில் இந்த மேட்டில் வண்டியைத் தள்ளியும் தாதுவை அள்ளியும் பிழைத்தவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது. இன்று அங்கே செம்மறியாடுகள் மேய்கின்றன.

கிராமத்துக்கு இறங்கும்போது மணி மூன்றரை. ஏறத்தாழ 18 கிலோமீட்டர். மணிக்கு ஐந்து கிலோமீட்டர், 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி கூடுதல் என்ற நெய்ஸ்மித் கணக்குப்படி நான்கு மணி நேரம் போதும். சாப்பாடு, சூளை, காம்பஸ் எல்லாம் சேர்ந்து எனக்கு ஆறரை. கடிகார முள் சுற்றும் திசையில் போனதும் நல்லதாயிற்று. இங்கே அதிகம் வீசும் மேற்குக் காற்று காலையில் முகத்திலும், களைத்த பிறகு முதுகிலும் பட்டது.

அடுத்தது பிளேக்கியிலிருந்து மேற்கே புளோவர்த் கிராசிங் வரை, அதே ரயில் பாதையில். அதையும் தாண்டினால் தாது வண்டிகளைக் கம்பிவடத்தில் கட்டி இறக்கிய இங்கிள்பி சரிவு. போய்த் திரும்ப நீண்ட பகல் தேவை என்பதால் மே மாதத்துக்கு வைத்திருக்கிறேன். கர்லூ பறவைகளும் அப்போது மூரில் இருக்கும். ஆகஸ்ட்டில் அவை கடற்கரைக்கு இறங்கிவிடுகின்றன.