எண்ணெய் முடியுது, நிப்பாட்டுங்கோ

எங்கள் கல்லூரியின் இந்த மலருக்கு, கணக்குப் படிப்பித்த சேரைப் பற்றி எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டிருந்தார்கள். சேரைப் பற்றி இதற்கு முன் வந்த மலர்களிலும் எழுதியாயிற்று, அவருடைய படமும் கல்லூரி மண்டபத்தில் தொங்குகிறது. நான் எழுத இருந்த நேரத்தில்தான் சேரின் மனைவி அன்ரியின் மரண அறிவித்தல் தொலைபேசிக்கு வந்தது. அதனால் இது அன்ரியைப் பற்றிய கட்டுரை. குழுவினர் மன்னிக்க வேண்டும்.

அறிவித்தலை இரண்டு தரம் வாசித்தேன். காலஞ்சென்ற ஆசிரியரின் அன்பு மனைவியும், மூன்று பிள்ளைகளின் பாசமிகு தாயாரும், இன்னார் இன்னாரின் அன்பு மாமியாரும், பேரப்பிள்ளைகள் ஏழு பேரின் ஆசைப் பேத்தியும் ஆவார். எல்லா 'உம்'களும் சரிதான். எங்களுக்கென்று ஓர் 'உம்' அதில் இல்லை. போடுவதென்றாலும் என்ன முறை சொல்லிப் போடுவது? அவருடைய விறாந்தையில் சாக்கு விரித்து இருந்து கணக்குப் படித்தவர்கள் அவருக்கு என்ன முறை?

1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியதோடு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பிறகு பல வருடங்களுக்கு வரவே இல்லை. பற்றரி தடை, பெற்றோல் தடை, சவர்க்காரம் தட்டுப்பாடு, மண்ணெண்ணெய் கிடைத்தால் கிடைத்ததுதான். பாட்டுக் கேட்பதென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதிக்க வேண்டும், டைனமோவில் ரேடியோ பாடும். இதெல்லாம் இந்த மலரை வாசிக்கிறவர்களுக்குத் தெரிந்த கதை. அவர்களின் பிள்ளைகளுக்காக எழுதி வைக்கிறேன்.

அந்த நாட்களில் சேர் ஓ.எல் என்ற சாதாரண தரச் சோதனை எடுக்கும் பிள்ளைகளுக்குத் தன் வீட்டு விறாந்தையில் பின்னேர வகுப்பு நடத்தினார். காசு வாங்கவில்லை. பதினாலு பேர், நாலு ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அந்தப் பஞ்சு நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய், பழைய சைக்கிள் ரியூப் வால்வுக்குள் ஒரு திரி. அதைக் கம்பியில் கட்டிப் போத்தலுக்குள் இறக்கிவிட்டால் விளக்கு. காற்றடித்தாலும் அணையாது, எண்ணெயும் அதிகம் குடிக்காது.

அந்த விளக்குகளின் முழு நிர்வாகமும் அன்ரியிடம். பாணி மருந்துப் போத்தலின் மூடி ஒன்றை அளவுக்கு வைத்திருந்தார். ஒரு விளக்குக்கு இரண்டு மூடி. இரண்டு மூடிக்கு ஒன்றேகால் மணித்தியாலம் எரியும். சேருக்குப் பாடம் தொடங்கினால் நேரம் தெரியாது. வட்ட நாற்பக்கல் ஒன்றைக் கீறி, கோணங்களுக்குப் பெயர் போட்டு, "இனித்தான் பிள்ளையள் விசயம் இருக்கு" என்று அவர் சோக்கட்டியை உயர்த்தும்போது குசினியிலிருந்து குரல் வரும்.

"இஞ்சேருங்கோ, எண்ணெய் முடியுது, நிப்பாட்டுங்கோ."

சேர் நிற்பாட்டி விடுவார். கல்லூரியில் ஒருவருக்கும் பயப்படாத மனிதர். நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கொப்பியை மூடுவோம். அந்தத் தேற்றத்தின் மிச்சம் அடுத்த நாள்தான்.

வகுப்பு முடிந்தால் தேத்தண்ணி. சீனி இல்லாத காலம், உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கட்டி வைப்பார், கடித்துக் கடித்துக் குடிக்க வேண்டும். குடித்து முடிந்ததும் ஒரு சட்டம் இருந்தது. அவரவர் பேணியை அவரவரே கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் கழுவி, குந்தில் வரிசையாகக் கவிட்டு வைக்க வேண்டும். அடுத்த நாள் கைக்கு அகப்பட்ட பேணியை எடுக்க வேண்டும். இது என்னுடையது, அது உன்னுடையது என்ற பேச்சு கிடையாது.

அப்போது அதை வேலைக் கள்ளத்தனம் என்று நினைத்தேன். பதினாலு பேணியை யார் கழுவுவது என்றுதான் எங்களிடம் தள்ளிவிட்டார் என்று. வளர்ந்த பிறகுதான் விளங்கியது. எங்கள் ஊரில் சில வீடுகளில் எல்லோருக்கும் ஒரே பேணி இல்லை. சிலருக்கு மூக்குப்பேணி, சிலருக்குப் பிறிம்பாக ஒரு தகரப் பேணி, அது வெளியே தாழ்வாரத்தில் செருகிக் கிடக்கும். எங்கள் பதினாலு பேரில் அந்தத் தகரப் பேணியில் குடித்துப் பழகியவர்களும் இருந்தார்கள். அன்ரியின் மாமியார் அந்த வீட்டில்தான் இருந்தார், பழைய ஆள். அன்ரி அவரோடு வாதாடியதை நான் கேட்டதில்லை. கழுவிக் கவிட்டு வை என்ற சட்டத்தை மட்டும் போட்டார். கவிட்டு வைத்த பேணிகளில் எது யாருடையது என்று கிழவியால் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்?

அன்ரியைக் கோயிலில் வைத்துக் கும்பிடுகிற ஆளாகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. வாய் பொல்லாதது. பிந்தி வருகிறவனை "துரை வந்திட்டார்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்வார். பக்கத்து வீட்டு அம்மாவோடு வேலிக்கு மேலால் சாய்ந்த ஒரு முருங்கைக் கொப்புக்காக வருடக்கணக்கில் கதைக்காமல் இருந்தார். அவர்களின் மாடு இன்னொரு வில்லங்கம். சவர்க்காரம் இல்லாமல் பனம்பழச் சாற்றில் உடுப்புத் தோய்த்த காலம் அது. காய்ந்த பிறகும் உடுப்பில் பனம்பழ வாசம் போகாது. மழையில் நனைந்து வந்த நான் சேர் வீட்டுக் கொடியில் வெள்ளைச் சேட்டைக் காயப்போட்டேன், மாடு கழுத்துப் பட்டியைச் சப்பித் துப்பிவிட்டது. என்னிடம் இருந்த பள்ளிக்கூடச் சேட்டு அது ஒன்றுதான். அன்ரி மாட்டை ஏசவில்லை, என்னைத்தான் ஏசினார், எட்டத்தில் போடத் தெரியாதா என்று. இரவோடிரவாகச் சேரின் பழைய வேட்டிக் கரையில்லாத் துண்டில் பட்டி வெட்டித் தைத்துத் தந்தார். கொஞ்சம் கோணல். சாதாரண தரச் சோதனையை அந்தக் கோணல் பட்டியோடுதான் எழுதினேன்.

ஒருநாள் அன்ரியின் கழுத்தில் தாலிக்கொடியைக் காணவில்லை, மஞ்சள் கயிறு கிடந்தது. நாங்கள் கேட்கவில்லை, கேட்கிற வயதுமில்லை. மூத்த மகன் கிளாலிக் கடலால் வள்ளத்தில் கொழும்புக்குப் போய்விட்டான் என்பது பிறகு தெரிந்தது. கொடி எங்கே போயிருக்கும் என்று யாழ்ப்பாணத்துத் தாய்மாரை அறிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1995 ஐப்பசி 30. சண்டை நெருங்கி வர, யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி முழுவதும் ஒரே இரவில் எழும்பி நடந்தது. செம்மணி வெளியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் இலட்சக்கணக்கான சனம், சைக்கிள், மாட்டு வண்டில், ஆடு, மாடு. ஓர் அடி வைக்கப் பத்து நிமிடம். மழையும் பிடித்துக்கொண்டது. கூட்டத்துக்குள் சேரின் குடும்பத்தை நான் கண்டது தற்செயல். சேரின் கையில் கல்லூரிப் பதிவேடுகள் கட்டிய பொலித்தீன் பை. அன்ரி சைக்கிளை உருட்டினார். கரியரில் மாமியார்.

"தம்பி, பின்னாலை பிடியும். கிழவி சரிஞ்சு போகும்."

பிடித்தேன். விடியப்புறம் வரைக்கும் பிடித்தேன். கிழவி தண்ணீர் தண்ணீர் என்று அனுங்கத் தொடங்கினார். கொண்டுவந்த போத்தல் எப்போதோ முடிந்துவிட்டது. அன்ரி சைக்கிளை என்னிடம் தந்துவிட்டு, குடையை விரித்துக் கவிழ்த்துப் பிடித்தார். மழைத்தண்ணீர் சேர்ந்ததும் பையிலிருந்து ஒரு பேணியை எடுத்து மொண்டார். வீட்டிலிருந்து அவர் எடுத்துவந்த ஒரே பேணி அது. முதலில் கிழவிக்கு, பிறகு எனக்கு, பிறகு எங்களோடு நடந்துவந்த இன்னொரு விறாந்தை மாணவனுக்கு. தகரப் பேணி வீட்டுப் பெடியன் அவன். திரும்பவும் கிழவிக்கு. கிழவி குடித்தார். கழுவத் தண்ணீரும் இல்லை, கவிட்டு வைக்கக் குந்தும் இல்லை.

மீசாலையில் யாரோ ஒரு புண்ணியவான் தன் வளவில் கொட்டில் போட இடம் கொடுத்தார். மாமரத்துக்குக் கீழே சேர் வகுப்பைத் தொடங்கினார். பகலில் வகுப்பு நடந்ததால் அன்ரியின் குரலுக்கு வேலை இல்லாமல் போனது. கொஞ்சக் காலம் சேர் தேற்றங்களை முழுதாகப் படிப்பித்தார். 1996 சித்திரையில் சனம் திரும்பி ஊருக்குப் போனபோது வீட்டில் யன்னல் இல்லை, கதவு இல்லை, கூரையில் பாதி இல்லை. பேணிகளும் இல்லை. சேர் அதன் பிறகு அதிக காலம் இருக்கவில்லை.

போர்நிறுத்தம் வந்து 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு, கனடாவிலிருந்த மகள் அன்ரியைக் கூப்பிட்டார். ஸ்காபரோவில் நான் இருந்த கட்டடத்துக்கு இரண்டு கட்டடம் தள்ளி, பதினோராம் மாடி. சனிக்கிழமைகளில் எட்டிப் பார்ப்பேன். ஆளில்லாத அறைகளில் லைற் எரிந்தால் தேடித் தேடி அணைத்துக்கொண்டு திரிவார். பேரன் அவருக்கு 'லைற் பொலிஸ்' என்று பெயர் வைத்திருந்தான்.

2003 ஓகஸ்ட் 14, பின்னேரம் நாலு மணி கழிந்த கையோடு ரொறன்ரோ முழுவதும் மின்சாரம் போனது. ஒன்ராறியோவின் பெரும்பகுதிக்கும் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களுக்கும் போயிருந்தது, ஐந்து கோடிப் பேர் இருட்டில். லிப்ற் இல்லை. அன்ரி என்ன பாடோ என்று பதினோரு மாடியும் மூச்சு வாங்க ஏறினேன். கதவைத் திறந்தால் கூடத்தில் வெளிச்சம். மேசையில் மூன்று ஜாம் போத்தல். கோற் ஹாங்கரை வளைத்துக் கம்பியாக்கியிருந்தார். மண்ணெண்ணெய்க்குப் பதில் நல்லெண்ணெய். பேரப்பிள்ளைகளும், எதிர் வீட்டுப் பிள்ளைகள் இரண்டும் சுற்றி இருந்தார்கள்.

"வாரும் தம்பி. இவர் உன்ர தாத்தாட்டைப் படிச்சவர்," என்று பேரனுக்குச் சொன்னார். பிறகு என்னிடம், "இவைக்கு அந்த வட்ட நாற்பக்கலைச் சொல்லிக் குடும். அவர் ஒருநாளும் முடிக்கேல்லை, எண்ணெய் முடிஞ்சிடும்."

ஒரு கடதாசியை எடுத்து வட்டம் கீறினேன். நாலு புள்ளி வைத்துப் பொருத்தினேன். அதற்கு மேல் வரவில்லை. கணக்காளராகத்தான் வேலை, ஆனால் கேத்திரகணிதத்தைத் தொட்டு எவ்வளவு காலம். அன்ரி கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார்.

"எதிர்க் கோணம் ரெண்டையும் கூட்டினா 180 பாகை. நடுவிலையிருந்து ரெண்டு கோட்டை இழும், மையத்திலை இருக்கிற கோணம் பரிதியிலை இருக்கிறதின்ரை இரண்டு மடங்கு. மையத்தைச் சுத்தி 360. அதிலை பாதி."

நான் பேனையைக் கீழே வைத்துவிட்டேன். அன்ரி எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவர். "எப்பிடி அன்ரி?" என்று கேட்டேன். "குசினிக்கும் விறாந்தைக்கும் இடையிலை என்ன, கருங்கல் மதிலே? மனுசன் ஒவ்வொரு வருசமும் அதைத்தானே திருப்பித் திருப்பிச் சொல்லும்," என்றார்.

அன்று இரவு பல்கனியில் நின்று பார்த்தோம். ரொறன்ரோ வானத்தில் அவ்வளவு நட்சத்திரங்களை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. "இப்பத்தான் ஊர் மாதிரிக் கிடக்கு," என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் ஒரு விளக்கை ஊதி அணைத்தார். மூன்று எதற்கு, இரண்டு போதும் என்று.

கடைசி வருடங்களில் மறதி வந்துவிட்டது. அதை எழுத மனமில்லை.

31ஆம் நாள் அந்தியேட்டிச் சாப்பாடு ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில். விறாந்தைக்காரர் சிலர் வந்திருந்தோம், ஒருவன் மொன்றியலிலிருந்து ஆறு மணித்தியாலம் ஓடி வந்திருந்தான். அன்ரியின் நினைவாக அச்சிட்ட கல்வெட்டுப் புத்தகம் தந்தார்கள். அதிலும் எங்களுக்கு முறை இல்லை, பரவாயில்லை. சாப்பிட்டு, தேத்தண்ணி குடித்து முடித்துக் கை கழுவப் போனபோது, மண்டபத்துக் குசினியில் அன்ரியின் மகள் நின்று தன் மகனை ஏசிக்கொண்டிருந்தார்.

"ஆரடா இது, எறியிற கடதாசிக் கப்பையெல்லாம் கழுவிக் கவிட்டு வைச்சிருக்கிறது?"

குந்தில் நாலு கப் வரிசையாகக் கவிழ்ந்திருந்தது. நான் என்னுடையதைக் கழுவி ஐந்தாவதாக வைத்தேன்.