எல்28 எஞ்சின்: முதலில் அளவு, அப்புறம் பிஸ்டன்

டாட்சன் 280இசட் காரின் எல்28 எஞ்சினை இறக்கி ஸ்டாண்டில் மாட்டியாச்சு. ஆறு சிலிண்டர், 86 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 79 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்), 2753 சிசி. இந்த எஞ்சினைப் பிரிக்கப்போகிறேன் என்று சொன்னாலே போதும், யாராவது எல்டி28 டீசல் எஞ்சினின் 83 மி.மீ. ஸ்ட்ரோக் தரும் கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) போடு, போரை 89 ஆக்கு, 3.1 லிட்டர் கிடைக்கும் என்று ஆரம்பித்துவிடுவார்கள். கிடைக்கும்தான். ஆனால் அந்தக் கிராங்கைத் தேடி அலைந்து, அதற்குத் தோதான ராட், பிஸ்டன் என்று செலவு இழுத்துக்கொண்டே போகும். எனக்கு வேண்டியது நெடுந்தூரம் சூடேறாமல் ஓடும் வண்டி, அதனால் ஸ்ட்ரோக்கில் கை வைக்கப்போவதில்லை.

இறக்கும் முன்பே ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரெஷனையும் (உள்ளே ஏறும் அழுத்தம்) பார்த்து வைத்திருந்தேன். இரண்டாவதும் ஆறாவதும் குறைவு. பிளக் துளை வழியாகக் கொஞ்சம் எண்ணெய் விட்டு மறுபடி பார்த்தால் இரண்டில் அளவு ஏறியது, ஆறில் அசையவே இல்லை. அப்படியென்றால் இரண்டில் ரிங் (பிஸ்டனைச் சுற்றிய வளையம்) அல்லது போர் தேய்மானம், ஆறில் பெரும்பாலும் வால்வு.

பிரித்ததும் இரண்டாவது போரின் மேல்விளிம்பில், ரிங் நின்று திரும்பும் இடத்தில், நகத்துக்குத் தட்டுப்படும் அளவுக்கு ஒரு படி. போர் கேஜை மேல், நடு, கீழ் என்று வைத்து, ஒவ்வோர் இடத்திலும் கிராங்குக்கு இணையாக ஒரு தடவை, குறுக்காக ஒரு தடவை அளந்தேன். தேய்மானம் குறுக்கு வாட்டில்தான் அதிகம், பிஸ்டன் சாய்ந்து அழுத்துவது அந்தப் பக்கம்தானே. மற்ற ஐந்தும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மோசமான ஒன்றுதான் அளவைத் தீர்மானிக்கும். 0.5 மி.மீ. ஓவர்சைஸ் (அந்த அளவுக்குப் பெரிய பிஸ்டன்) போதும் போலிருக்கிறது, 86.5 போட்டால் சுமார் 2785 சிசி. பிஸ்டன் கைக்கு வந்த பிறகே பட்டறையில் போரைக் கடைந்து பெரிதாக்கச் சொல்ல வேண்டும், ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து அதற்கேற்ற இடைவெளியில் முடிப்பதுதான் சரியான வேலை.

ஹெட் (சிலிண்டர்களின் மேல்மூடி) அலுமினியம், பிளாக் (சிலிண்டர்கள் இருக்கும் உடல்) இரும்பு. ஒருமுறை அதிகமாகச் சூடேறியிருந்தாலே ஹெட் வளைந்திருக்கலாம். வால்வுகளை அழுத்தும் ராக்கர்களை வரிசை மாறாமல் எடுத்து வைத்துவிட்டு, அவற்றை இயக்கும் தண்டான கேமைக் கையால் சுற்றினேன், எங்கும் பிடிக்காமல் சுற்றியது, பெரிய நிம்மதி. கேமைத் தாங்கும் கேம் டவர்களைக் கழற்றவில்லை, அவை அந்த ஹெட்டோடு சேர்த்துக் கடைந்தவை. ஹெட்டின் அடிப்பக்கத்தை மட்டமாக்கக் கொஞ்சம் சீவ வேண்டியிருக்கும். அதிகம் சீவினால் கேமுக்கும் கிராங்குக்கும் உள்ள தூரம் குறைந்து, செயின் தொய்ந்து, கேம் டைமிங் பின்தங்கும். அதைச் சரிக்கட்ட கேம் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரம்) உள்ள மூன்று துளைகள் உதவும்.

பழைய கேமும் அதோடு தேய்ந்து பழகிய ராக்கர்களும் அப்படியே திரும்பப் போகும். கேமை மாற்றினால் ராக்கரையும் மாற்றியாக வேண்டும், இப்போதைக்கு அந்தப் பணம் கிராங்க் பாலிஷுக்கும் பேரிங்குக்கும், ஆயில் பம்ப், செயின் செட்டுக்கும் போகட்டும். மூன்று கார்பரேட்டர் ஆசை இருக்கிறது, ஆனால் அதை எஞ்சினைப் பிரிக்காமலே எப்போது வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம்.

பிளாக்கைக் கழுவி விரிசல் பார்க்கக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பதில் வந்த பிறகுதான் பிஸ்டன் ஆர்டர்.