கொடும்பாளூர்: சூலம்போல் வழி பிரியும் ஊர்

திருச்சியிலிருந்து மதுரைக்கு நாற்கரச் சாலையில் போகிறவர்கள் விராலிமலையைத் தவறவிடுவதில்லை. அடுத்த சில நிமிடத்தில் வரும் கொடும்பாளூர் மட்டும் வெறும் பெயர்ப்பலகையாகக் கடந்துவிடும். மணப்பாறை–புதுக்கோட்டை சாலை இந்த நெடுஞ்சாலையை வெட்டும் இடம் அது. இந்த ஊரின் வரலாறு மொத்தமும் அந்தச் சந்திப்புக்குள் அடக்கம். கோயில், போர், மடம் எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை.

சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில், உறையூர்ப் பக்கமிருந்து மதுரைக்குப் புறப்பட்ட கோவலனுக்கு மாங்காட்டு மறையோன் வழி சொல்கிறான். கொடும்பை நெடுங்குளத்தை, அதாவது கொடும்பாளூரின் பெரிய குளத்தை, எட்டியதும் பாதை சிவன் கைச் சூலம்போல மூன்றாகப் பிரியும் என்பது அவன் சொல்லும் அடையாளம். வலப்பக்க வழியில் சிறுமலை வரும். இடப்பக்க வழியில் திருமால்குன்றம், அதாவது அழகர்மலை. நடுவழி இரண்டையும்விடச் சுகமானதுதான், ஆனால் ஆளை மயக்கும் கானுறை தெய்வம் ஒன்று அங்கே உண்டு. இன்றைய சாலைகளோடு பொருத்திப் பார்த்தால் திண்டுக்கல் வழி, நத்தம் வழி, துவரங்குறிச்சி–மேலூர் வழி என்று ஏறக்குறைய அப்படியே உட்காருகிறது. குளத்தை அடையாளமாகச் சொன்னதும் சும்மா இல்லை. மானாவாரிப் பூமியில் வழி பிரியும் இடமென்றால் மாட்டுக்கும் ஆளுக்கும் தண்ணீர் இருந்தாக வேண்டும்.

சோழநாட்டுக்கும் பாண்டிநாட்டுக்கும் நடுவே இப்படியொரு கவை இருந்தால், அதைக் கையில் வைத்திருப்பவனுக்கு இரண்டு பக்கமும் மரியாதை, இரண்டு பக்கமும் அடி. பாண்டியரின் வேள்விக்குடிச் செப்பேட்டில் கொடும்பாளூரில் பகைவரின் குதிரையும் யானையும் கைப்பற்றிய பெருமை வருகிறது. ஊரை ஆண்ட இருக்குவேளிர் பின்னாளில் சோழர் பக்கம் நின்றார்கள். பெண் எடுத்தார்கள், பெண் கொடுத்தார்கள். முதற் பராந்தகனின் மகன் அரிகுலகேசரிக்கு வாழ்க்கைப்பட்ட பூதி ஆதித்த பிடாரி இந்தக் குலத்துப் பெண். திருச்செந்துறைக் கோயிலைக் கற்றளியாக, அதாவது முழுக் கற்கோயிலாக, எடுத்தவள் அவள்தான். சுந்தர சோழன் காலத்தில் ஈழப் போரில் விழுந்த சிறியவேளானும் கொடும்பாளூர்க்காரன். ‘பொன்னியின் செல்வன்’ நாவல் படித்துவிட்டு வானதியைத் தேடி இங்கே வருகிறவர்கள் பிடாரியையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம். அவள் பெயராவது கல்லில் இருக்கிறது.

ஊரின் பெரிய சொத்து மூவர் கோயில். இருக்குவேளிர் குலத்து அரசன் பூதி விக்கிரமகேசரி தன் பெயரில் ஒன்றும், கற்றளி, வரகுணை என்ற தன் இரு தேவியர் பெயரில் ஒவ்வொன்றுமாக எடுத்த மூன்று விமானங்கள், அதாவது கருவறையும் அதன்மேல் எழும் கோபுரமும். மூன்றும் மேற்கு பார்த்து, வடக்கு தெற்காக ஒரே வரிசையில் நின்றவை. ஒவ்வொன்றும் அடியில் 21 அடிச் சதுரம், இடைவெளி 10 அடி. மூன்றுக்கும் பொதுவாக முன்னால் 91 அடி நீளம், 41 அடி அகலத்தில் ஒரு மகாமண்டபம். இன்று நிமிர்ந்து நிற்பவை நடுவிலும் தெற்கிலும் உள்ள இரண்டு. வடக்கு விமானத்துக்கு அடித்தளம்தான் மிச்சம். மண்டபத்துக்கும் சுற்றியிருந்த சிறு சன்னதிகளுக்கும் அதே கதிதான். முதலில் அந்த அடித்தளங்களின் மேல் நடந்து, காலால் அளந்து பாருங்கள். சாதாரண நடையில் எட்டு, ஒன்பது தப்படி வைத்தால் ஒரு விமானம் முடிந்துவிடும். முழுக் கோயில் எவ்வளவு பெரிது என்பது நிற்கும் இரண்டைப் பார்த்தால் தெரியாது, இல்லாததை நடந்தால்தான் தெரியும். பிராகாரத்தின் வடகிழக்கில் படியிறங்கும் வட்டமான கல் கிணற்றையும் பார்க்காமல் வரவேண்டாம்.

கல்வெட்டு நடு விமானத்தின் தென்சுவரில் இருக்கிறது. கிரந்த எழுத்து, சமஸ்கிருத மொழி. தமிழ்க் கல்வெட்டு வாசித்துப் பழகியவர்களும் இங்கே தடுமாறுவார்கள், கவலைப்பட வேண்டாம். அதில் குலத்தின் வரிசை வருகிறது. வாதாபியை வென்ற ஒரு முன்னோர், அதிராஜமங்கலத்தில் சளுக்கி என்பவனைக் கொன்று சோழ இளவரசி அனுபமையை மணந்த சமராபிராமன், அவன் மகன் விக்கிரமகேசரி. இவன் பல்லவப் படையின் ரத்தத்தால் காவிரியைச் சிவக்க வைத்தவன், வீரபாண்டியனை வென்றவன், வஞ்சிவேள் என்பவனை முடித்தவன்.

கோயில் எப்போது எழுந்தது என்ற காலச் சண்டை முழுக்க இந்த ஒரு வரியில்தான். கல்வெட்டில் ஆண்டு கிடையாது. பல்லவப் படையைப் பிடித்துக்கொண்டால் முதலாம் ஆதித்தன் காலத்துக்கு, 9ஆம் நூற்றாண்டின் கடைசிக்குப் போக வேண்டும். பல்லவர் முடிந்துபோன பிறகு அவர்களோடு யார் சண்டை போடுவது? வீரபாண்டியனைப் பிடித்துக்கொண்டால் சுந்தர சோழன் காலம், 10ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. விக்கிரமகேசரியின் மகன்களின் பெயர் பராந்தகன், ஆதித்தவர்மன் என்பது பிந்தைய கட்சிக்கு ஒரு துருப்பு. சோழன் பெயரைப் பிள்ளைக்கு வைக்கிறான் என்றால் அந்தப் பெயர்கள் ஏற்கெனவே ஓங்கியிருக்க வேண்டும். விமானத்தின் சிற்ப நடையை மட்டும் வைத்து ஆண்டு சொல்கிறவர்களை நம்பாதீர்கள். ஐம்பது, அறுபது வருட இடைவெளியை நடை மட்டும் தீர்த்துவைக்காது.

எழுத்தைப் பார்க்க வெளிச்சம் முக்கியம். இங்கே ஒரு சிக்கல் உண்டு. தென்சுவருக்கு எதிரே பத்தடியில் இன்னொரு விமானம் நிற்கிறது. கோடையில் உச்சி வெயில் வடக்கே சாய்ந்துவிடுவதால் தென்சுவரில் நிழல். மார்கழியில் சூரியன் தெற்கே போனாலும் நடுப்பகலில் தெற்கு விமானம் மறைத்துக்கொள்ளும். ஐப்பசி முதல் மாசி வரை, பொழுது சாய்வதற்கு முந்தைய நேரம்தான் தோது. அப்போது தென்மேற்கிலிருந்து வரும் ஒளி இடைவெளிக்குள் நுழைந்து சுவரைச் சாய்வாக உரசும். வெட்டின் ஓரத்தில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். மற்ற நாட்களில் ஒரு டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லி, நேர் எதிரே நின்று படம் எடுங்கள். ஃபிளாஷ் போட்டால் எல்லாம் தட்டையாகிவிடும். சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதையும் எழுத்தில் தேய்க்கக் கூடாது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் என்பது ஒரு காரணம். எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஏறி, அடுத்து வருகிறவனுக்கு எழுத்தே தெரியாமல் போகும் என்பது பெரிய காரணம்.

சுவரைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். அடியில் தாமரை இதழ் வரி, அதன்மேல் குமுதம் என்ற புடைத்த கல் வரி, பிறகு யாளி வரி. சுவரில் அரைத்தூண்களுக்கு நடுவே கோட்டம் என்ற மாடம், கோட்டத்தில் தெய்வம். மேலே கபோதம் என்ற வளைந்த கூரை விளிம்பு, அதில் கூடுகள் என்ற சிறு வளைவு அலங்காரங்கள். அதற்கும் மேலே இரண்டாம் தளம், கழுத்து, சிகரம். அடி முதல் முடி வரை சதுரம்தான், வட்டமோ எண்பட்டையோ இல்லை. கோட்டங்கள் சில வெறுமையாக இருந்தால் திருட்டு என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். இந்த ஊர்ச் சிற்பங்கள் சில அருங்காட்சியகங்களுக்குப் போயிருக்கின்றன.

முசுகுந்தேசுவரர் கோயில் ஊரில் இன்னொன்று. கல்வெட்டில் திருமுதுகுன்றமுடையார். முதற் பராந்தகன் காலத்தில் மகிமாலய இருக்குவேள் எடுப்பித்தது. அடக்கமான கட்டடம், நேரம் குறைவென்றால் அரைமணி போதும். ஐவர் கோயில் அப்படியல்ல. அங்கே தோண்டியெடுத்த அடித்தளம் மட்டுமே இருப்பதால் பாதிப்பேர் போவதில்லை. நடுவில் ஒரு சன்னதி, நான்கு மூலையிலும் நான்கு என்ற அமைப்பு தமிழ்நாட்டில் அரிது. திட்டத்தை ஒரு தாளில் வரைந்துகொண்டு நின்றால்தான் விளங்கும்.

இப்படிப்பட்ட கற்றளி ஏன் விழுகிறது? கல்லுக்குக் கல் சாந்து கிடையாது. தளம் தட்டிய பரப்பும் எடையும்தான் பிடிமானம். பறவை எச்சத்தில் வரும் ஆல, அரச விதை மேல்தள இடுக்கில் முளைத்தால், வேர் மண் தேடி உள்ளே இறங்கும். பருக்கும்போது கல்லை நகர்த்தும். நகர்ந்த இடத்தில் மழைநீர் புகும். தண்டை மட்டும் வெட்டினால் மறுவருடம் இரண்டு மடங்காகத் துளிர்க்கும், வேரோடு அழித்தாக வேண்டும். இடுக்கைச் சிமெண்டால் அடைப்பது அதைவிட மோசம். உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியில்லாமல் நிற்கும். ஒருமுறை சரிந்த கோயிலின் கல் மதகுக்கும் பாலத்துக்கும் வாசற்படிக்கும் போய்ச்சேரும். வழிபாடு நின்ற இடங்களில் எங்கும் இதுதான் நடந்தது. ஆகவே ஊருக்குள் நடக்கும்போது குளக்கரைப் படியையும் பழைய திண்ணையையும் ஒரு கண் பாருங்கள். சீராகத் தட்டிய விளிம்போ, அரைத்தூணின் துண்டோ தென்படலாம்.

மூவர் கோயில் கல்வெட்டின் கடைசிப் பகுதியைப் பலரும் கவனிப்பதில்லை. விக்கிரமகேசரி மதுரையைச் சேர்ந்த மல்லிகார்ச்சுனர் என்ற காளாமுகத் துறவிக்கு (காளாமுகம் ஒரு சைவப் பிரிவு) ஒரு பெரிய மடமும் பதினோரு ஊர்களும் கொடுக்கிறான், ஐம்பது துறவிகளுக்கு நாள்தோறும் சோறு போடுவதற்காக. சிவனடியாருக்கு அமுது படைக்க அரண்மனை நெற்கூட்டில் திருட வந்தவனைப் பிடித்து, கதையைக் கேட்டதும் கூட்டையே திறந்துவிட்ட இடங்கழி நாயனாரும் இதே கொடும்பாளூர் அரசர்தான். மூன்று வழி சேரும் ஊரில் ஐம்பது இலை ஒரு பெரிய கணக்கில்லை. வடக்கேயிருந்தும் தெற்கேயிருந்தும் நடந்து வருகிறவன் யாராக இருந்தாலும் அந்தக் குளக்கரையைத் தாண்டித்தான் போயாக வேண்டும்.