யாரோ ஒரு ஆறடிக்காரரின் அயர்ன்கள்

ஜூன் 8

இன்றும் கோல்ஃபில் அடித்த பந்தெல்லாம் இடப்பக்கம். காலை ஆறரைக்கே கோவை செட்டிபாளையம் மைதானத்துக்குப் போய்விட்டேன். பாலக்காட்டுக் காற்று எழுந்துவிட்டால் எந்தப் பந்து எதனால் விலகியது என்று சொல்லவே முடியாது. ஏழாம் நம்பர் அயர்ன் கிளப்பில் (இரும்புத் தலை மட்டை) கொஞ்சம், ஒன்பதில் இன்னும் கொஞ்சம், முகம் அதிகம் மல்லாந்த வெட்ஜில் நன்றாகவே இடது. கை மட்டும் காரணமென்றால் குட்டை வெட்ஜில் ஏன் இவ்வளவு? புல் பெயர்ந்த டிவட் குழியைக் குனிந்து பார்த்த, பை சுமக்கும் கேடி, "ஹீல் பக்கந்தான் சார் ஆழமா வெட்டுது" (ஹீல்: மட்டைத் தலையில் தண்டை ஒட்டிய முனை) என்றார். பயிற்சியாளர் ஆறு மாதமாகச் சொல்லாதது.

ஜூன் 11

மார்க்கர் சோதனை. பந்தின் பின்புறம் செங்குத்தாக ஒரு கோடு போட்டு அடித்தால் அது கிளப் முகத்தில் அப்படியே பதியும். முகத்தில் உள்ள க்ரூவ் வரிகளுக்குச் செங்குத்தாக விழுந்தால் லை கோணம், அதாவது தண்டு தரையோடு வைக்கும் கோணம், சரி. எனக்குப் பத்தில் எட்டு கோடுகளின் தலை டோ (ஹீலுக்கு எதிர்முனை) பக்கம் சாய்ந்திருந்தது. பந்தைத் தொடும் நேரத்தில் டோ தூக்கி நிற்கிறது என்று அர்த்தம். மல்லாந்த முகம் அப்படித் தூக்கினால் வலக்கை ஆட்டக்காரனுக்கு இடப்பக்கம்தான் பார்க்கும். பள்ளிக்கூட முக்கோணவியல் போதும்: லை பிழையை லாஃப்டின் (முகம் மல்லாந்திருக்கும் கோணம்) டேன் மதிப்பால் பெருக்க வேண்டும். 2 டிகிரி பிழைக்கு, 34 டிகிரி லாஃப்ட் உள்ள ஏழாம் நம்பர் 1.35 டிகிரி திரும்பும். 56 டிகிரி வெட்ஜ் கிட்டத்தட்ட 3. வெட்ஜ் மேல் இருந்த கோபம் பாதி குறைந்தது.

ஜூன் 14

கணபதியில் நண்பரின் லேத் பட்டறை. கோணமானி வைத்ததும் குட்டு உடைந்தது. ஏழாம் நம்பரின் லை 64.5, வழக்கமாக 62, 62.5 இருக்கும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய செட். முன்பு வைத்திருந்தவர் ஆறடிக்காரராக இருக்க வேண்டும், தன் உயரத்துக்கு நிமிர்த்தி வைத்திருக்கிறார். நான் ஐந்தடி ஐந்து. லாஃப்டும் கோணல்: எட்டு 38, ஒன்பது 40. இரண்டும் ஒரே தூரம் போனதில் என்ன ஆச்சரியம்!

செட்டில் ஆறாம் நம்பர் மட்டும் வேறு யாருடையதோ, ஸ்டெயின்லெஸ் வார்ப்பு. "இது காஸ்டிங்குங்க, சொல்லாம கொள்ளாம முறியும்" என்றார் நண்பர். ஒரு டிகிரிதானே என்று வைஸில் மாட்டி நானே இழுத்தேன். டக். தண்டு நுழையும் ஹோசலின் அடியில் சுத்தமாக இரண்டு துண்டு. உடைந்த இடம் சர்க்கரைக் கட்டி மாதிரி மின்னியது. நண்பர் ஒன்றும் சொல்லவில்லை, டீ சொல்லி அனுப்பினார்.

ஜூன் 15

மற்றவை ஃபோர்ஜ் செய்த மென் எஃகு. வைஸ் தாடைக்குப் பித்தளைத் தகடு, ஹோசலில் மாட்ட வாய் வைத்த மூன்றடிக் கம்பி. வெடுக்கென்று இழுக்கக் கூடாது. அமுக்கிப் பிடித்து மெதுவாக. விட்டதும் எஃகு கொஞ்சம் திரும்பி வரும், அதையும் சேர்த்து வளைக்க வேண்டும். லையைத் தொட்டால் லாஃப்ட் நகர்ந்துவிடுகிறது, மறுபடி அளவு. எல்லாவற்றையும் 2 டிகிரி படுக்க வைத்தேன். ஒன்பதை 42 லாஃப்டுக்குக் கொண்டுவந்ததில் சோல் (தலையின் அடிப்பாகம்) தரையோடு வைக்கும் பவுன்ஸ் கோணமும் 2 கூடிவிட்டது. நம் கெட்டித் தரையில் சோல் எம்பினால் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஜூன் 22

இப்போது எல்லாம் வலப்பக்கம்! கிளப்பைத் திட்டிக்கொண்டே ஒன்பது குழி ஆடினேன். பத்தாவதில் கேடி என் காலடியில் ஒரு கிளப்பைப் படுக்க வைத்து, பின்னால் வந்து பார்க்கச் சொன்னார். அது கொடியைப் பார்க்கவில்லை, வலப்புற வேப்பமரத்தைப் பார்த்தது. இரண்டு வருடமாக இடப்பக்கம் போகும் பந்துக்காக வலப்பக்கம் குறி வைத்துப் பழகிய கால்கள். இதை வளைக்க எந்த வைஸும் இல்லை.

ஜூலை 6

தினமும் கீழே குச்சி வைத்து அடிக்கிறேன். எட்டுக்கும் ஒன்பதுக்கும் இப்போது பத்து கெஜ வித்தியாசம். ஆறாம் நம்பர் இடம் மட்டும் பையில் காலி. செட்டின் மற்ற கிளப்கள் அதே மாடலில் ஆறாம் நம்பர் ஒன்று விற்பனைக்கு என்று கேள்விப்பட்டு ராமநாதபுரம் வரை போனேன். "புதுசு மாதிரிங்க, யாரும் கை வைக்கலைங்க" என்றார். வாசலிலேயே நான் கோணமானியை எடுத்ததும் அவர் முகம் போன போக்கு! 63.5 காட்டியது. ஃபோர்ஜ் செய்ததுதானே என்று முந்நூறு குறைத்து வாங்கி வந்துவிட்டேன்.