கோப்பில் எழுத்து, சொல், வரி எண்ணும் கேள்வி: செய்முறைத் தேர்வு எழுதியவரின் குறிப்புகள்

நிரலாக்கச் செய்முறைத் தேர்வின் முடிவு வந்துவிட்டது. உரைக்கோப்பில் உள்ள எழுத்துகள், சொற்கள், வரிகள் ஆகியவற்றை எண்ணித் தரும் கேள்விக்கு முழு மதிப்பெண் கிடைத்திருக்கிறது. பெரிய நிம்மதி. கோப்பைத் திறப்பதும் மூடுவதும், திறக்க முடியாதபோது செய்தி காட்டுவதும் உங்களுக்குத் தெரிந்தவையே என்பதால் அவற்றைத் தொடவில்லை.

எனக்கு அந்த மதிப்பெண்ணை வாங்கித் தந்தது ஒரே ஒரு மாறி, அதாவது நிரல் ஒரு மதிப்பைச் சேமித்துவைக்கும் இடம். இப்போது ஒரு சொல்லுக்குள் இருக்கிறோமா, வெளியே இருக்கிறோமா என்பதை மட்டும் அது நினைவில் வைத்திருக்கும். தொடக்கத்தில் அதன் மதிப்பு 0. இடைவெளி, டேப், நியூலைன் (வரி முடிவைக் காட்டும் குறி) ஆகியவற்றில் எது வந்தாலும் அதை 0 ஆக்க வேண்டும். வேறு குறி (எழுத்து, எண் போன்றவை) ஏதேனும் வரும்போது மாறி 0 ஆக இருந்தால் மட்டும் சொல் எண்ணிக்கையில் 1 கூட்டி, மாறியை 1 ஆக்க வேண்டும். இடைவெளிகளை எண்ணி 1 கூட்டினால் போதும் என்று பலரும் மனப்பாடம் செய்து வருகிறார்கள். கேள்வித்தாளில் கொடுத்திருக்கும் மாதிரிக் கோப்புக்கு அந்த வழி சரியான விடையே தரும். மதிப்பீட்டுக்கு வைத்திருக்கும் கோப்பில் இரண்டு இடைவெளிகள் சேர்ந்து வந்தால் அங்கேயே தவறிவிடும்.

ஒரு சிறு கோப்பை எடுத்துக்கொள்வோம்: முதலில் 12, அடுத்து இரண்டு இடைவெளிகள், பிறகு 34, ஒரு நியூலைன், கடைசியாக 5, அதன்பின் நியூலைன் இல்லை. 1 வந்ததும் சொல் 1 ஆகிறது. 2 வரும்போது ஏற்கெனவே சொல்லுக்குள் இருப்பதால் மாற்றம் இல்லை. முதல் இடைவெளி நம்மை வெளியே கொண்டுவருகிறது, இரண்டாவது எதையும் மாற்றுவதில்லை. 3 வந்ததும் சொல் 2, நியூலைனில் மறுபடியும் வெளியே, 5 வந்ததும் சொல் 3. மொத்தம் 8 குறிகள், 3 சொற்கள், 1 நியூலைன். இடைவெளிகளையும் நியூலைனையும் எண்ணி 1 கூட்டுபவருக்கு இதே கோப்பில் 4 சொற்கள் கிடைக்கும். இந்த ஓட்டத்தைத் தாளில் கையால் எழுதிப் பார்க்காமல் கணினியின் முன் அமராதீர்கள். நான் நிதானமாகப் படிப்படியாகப் போகும் சுபாவம் கொண்டவன், எனவே வேகத்தை நம்புபவர்களுக்கு இது வீண்வேலையாகத் தோன்றலாம், ஆனாலும் இதையே வலியுறுத்துவேன்.

அந்தக் கோப்பில் இருப்பவை எத்தனை வரிகள்? யூனிக்ஸ் இயங்குதளத்தில் இதே எண்ணும் வேலையைச் செய்யும் டபிள்யூசி (wc) கட்டளை நியூலைன்களை மட்டுமே எண்ணுவதால் 1 என்று சொல்லும். பைதானில் கோப்பை வரிவரியாகச் சுற்றிவந்தால் 2 கிடைக்கும். வரி என்று எதைக் கொள்வது என்பதைக் கேள்வித்தாள் தெளிவாகச் சொல்லாமல் விட்டு, மதிப்பெண்ணை மட்டும் அதன்மேல் வைப்பது மாணவருக்கு இழைக்கும் அநீதி என்பதை இங்கே பதிவு செய்கிறேன். கண்காணிப்பாளரிடம் கேட்டுவிடுங்கள். கடைசி வரியையும் சேர்க்கச் சொன்னால், முந்தைய குறியை ஒரு மாறியில் வைத்திருந்து, கோப்பு முடிந்ததும் அது நியூலைனாக இல்லாவிட்டால் 1 கூட்டுங்கள். அந்த மாறியின் தொடக்க மதிப்பையே நியூலைனாக வைத்துவிட்டால், வெற்றுக் கோப்புக்குத் தனி நிபந்தனை எழுத வேண்டியதில்லை.

சி மொழியில் எழுதுபவர்களுக்கு:

- கோப்பிலிருந்து ஒவ்வொரு பைட்டாகப் படிக்கும் எஃப்கெட்சி (fgetc) தரும் மதிப்பை இன்ட் (int, முழு எண்) வகை மாறியில் வாங்குங்கள். கேர் (char, ஒரு பைட்) வகையில் வாங்கினால், அந்தக் கணினியில் கேர் குறியற்றதாக (எதிர்ம எண்களை ஏற்காததாக) இருக்கும் பட்சத்தில் சுழற்சி முடியவே முடியாது. குறியுள்ளதாக இருந்தால் 255 என்ற பைட்டையே கோப்பின் முடிவாக எடுத்துக்கொள்ளும்.
- கோப்பு முடிந்ததா என்று சொல்லும் எஃப்ஈஓஎஃப்-ஐச் (feof) சுழற்சியின் நிபந்தனையாக வைக்காதீர்கள். படிக்க முயன்று தோற்ற பிறகே அது உண்மை என்று சொல்லும் என்பதால் எண்ணிக்கையில் ஒன்று கூடிவிடும்.

பைதானில் எழுதுபவர்களுக்கு:

- உரையைச் சொற்களாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டுக்கு (split) அடைப்புக்குறிக்குள் எதுவும் தர வேண்டாம். ஓர் இடைவெளியைக் கொடுத்தால், அடுத்தடுத்த இடைவெளிகளுக்கு நடுவே வெற்றுச் சரங்கள் (எழுத்தே இல்லாத துண்டுகள்) முளைக்கும். வெற்றுக் கோப்புக்கும் 1 சொல் என்று விடை வரும்.
- ரீட் (read) கோப்பு முழுவதையும் படித்து முடித்தபின், வரிகளைப் பட்டியலாகத் தரும் ரீட்லைன்ஸை (readlines) அழைத்தால் வெற்றுப் பட்டியலே கிடைக்கும். நடுவே சீக் 0, அதாவது seek(0), போட்டுத் தொடக்கத்துக்குத் திரும்புங்கள்.

வாய்மொழித் தேர்வில் எழுத்து எண்ணிக்கை பற்றிக் கட்டாயம் கேட்பார்கள் என்று எண்ணித் தயாராகுங்கள், என்னிடம் கேட்டார்கள். "தமிழ்" என்ற சொல் கண்ணுக்கு 3 எழுத்து. எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு முறையில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறியீட்டுப் புள்ளிகள். அவை ஒவ்வொன்றும், அந்த எண்களைக் கோப்பில் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட்டுகள் பிடிப்பதால் கோப்பில் 15 பைட்டுகள். எஃப்கெட்சி வழியாக எண்ணினால் 15 வரும், பைதானில் நீளத்தைச் சொல்லும் லென் (len) 5 என்று தரும், 3 வேண்டுமென்றால் துணைக்குறிகளை அவற்றுக்கு முன்னுள்ள எழுத்தோடு சேர்த்து எண்ணும் பகுதியை நாமே எழுத வேண்டும். விண்டோஸில் உருவான கோப்பில் வரி முடிவுக்கு இரண்டு பைட்டுகள் இருந்தாலும், பைதான் உரைமுறையில் படிக்கும்போது அவற்றை ஒன்றாக்கிவிடும். எனவே நிரல் காட்டும் எண்ணிக்கை கோப்பின் அளவைவிடக் குறைந்தால் பதற வேண்டாம்.

வீட்டிலேயே இந்தக் கோப்புகளை உருவாக்கி ஓட்டிப் பாருங்கள்: ஒன்றுமே இல்லாத கோப்பு, இடைவெளிகள் மட்டும் உள்ள கோப்பு, நியூலைன் இல்லாமல் ஒரே சொல் உள்ள கோப்பு, டேப்பில் தொடங்கும் வரி, தமிழ் வரி ஒன்று. விடையை முன்பே தாளில் எழுதிவைத்துக்கொண்டு, அதன் பிறகே நிரலை ஓட்டுங்கள்.