முனை பொருந்தினால் போதாது

மட்டக்களப்பு நகரிலோ கல்முனையிலோ ஒரு தொலைபேசிக் கடையில் எம்.பி.3 பிளேயருக்குக் கேபிள் கேட்டால், கடைக்காரத் தம்பி முதலில் பார்ப்பது முனையைத்தான். அது துளைக்குள் இறங்கிவிட்டால் வியாபாரம் முடிந்துவிடும். வீட்டில் செருகிப் பார்த்தால் பிளேயரில் சார்ஜ் ஏறும், கணினியிலோ எதுவும் தோன்றாது.

யூ.எஸ்.பி. 2.0 கேபிளுக்குள் வழக்கமாக நான்கு வயர்கள் இருக்கும். சிவப்பும் கறுப்பும் 5 வோல்ட் மின்சாரத்துக்கானவை. பச்சையும் வெள்ளையும் தரவுக்கானவை. மலிவான சார்ஜிங் கேபிள்கள் பலவற்றில் பின்னிரண்டும் போடப்படுவதே இல்லை. வளைகுடாவிலிருந்து வந்த மாமாவோ மச்சானோ கொண்டுவந்து கொடுத்த, இன்னும் நம் அலுமாரிகளில் கிடக்கின்ற பழைய பிளேயர்களில் பல 2000ஆம் ஆண்டில் அறிமுகமான மினி முனை கொண்டவை என்பதாலும், 2007இல் மைக்ரோ முனை வந்த பிறகு மினி கேபிள் அரிதாகிவிட்டதாலும், கையில் கிடைப்பது ஏதோ ஒரு டோர்ச் லைட்டோடு வந்த சார்ஜிங் வயராக இருப்பதில் வியப்பில்லை. வாங்குமுன் அந்தக் கேபிளால் ஏதாவதொரு கருவியைக் கடையின் கணினியோடு இணைத்து, கோப்புகள் திறக்கின்றனவா என்று காட்டச் சொல்லுங்கள். விலை பேசுவதைவிட இது முக்கியம்.

தமக்கென்றே தனி முனை வைத்த கம்பனிகளின் கதை வேறு. ஆப்பிள் 2003இல் ஐபொட்டுக்குக் கொண்டுவந்த 30 பின் (pin) கொண்ட முனையும், சான்டிஸ்க் சான்சா ஈ200 வரிசையின் தட்டையான முனையும் பார்வைக்கு உறவுக்காரர்கள் போலிருந்தாலும் ஒன்றுக்கு மற்றது உதவாது. 2006இல் வந்த இரண்டாம் தலைமுறை ஐபொட் ஷஃபிள் ஹெட்போன் துளை வழியாகவே கணினியோடு பேசுகிறது. யூ.எஸ்.பி.யின் அந்த நான்கு வயர்களுக்கும் நான்கு தொடுபுள்ளிகள் தேவைப்படுவதால், மூன்றே தொடுபுள்ளிகள் கொண்ட சாதாரண ஒலிக் கேபிள் அங்கே பயன்படாது.

கேபிள் சரியாக இருந்தும் கணினி பிளேயரைக் காணவில்லையென்றால், பிளேயரின் அமைப்புகளில் யூ.எஸ்.பி. முறை என்ற தெரிவு இருக்கிறதா என்று பாருங்கள். அதில் வழக்கமாக எம்.டி.பி. (MTP), எம்.எஸ்.சி. (MSC) என்று கணினியோடு கோப்புகளைப் பரிமாறும் இரண்டு முறைகள் இருக்கும். எம்.டி.பி. முறைக்குக் கணினியில் அதற்குரிய மென்பொருள் ஆதரவு வேண்டும்; விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய கணினிகளில் விண்டோஸ் மீடியா பிளேயர் 10 இல்லாமல் அது பெரும்பாலும் நடக்காது. எம்.எஸ்.சி. முறைக்கு மாற்றினால் பிளேயர் ஒரு பென் டிரைவ் போலத் திறக்கும். பாட்டுகளை இழுத்துப் போட்டுவிடலாம்.